பள்ளி நண்பர்கள் சேர்ந்து நடத்தும் ஸ்கா-பங்க் பேண்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிட்டாரும் டிரம்ஸுமாக நாலு பேர் ஆரம்பித்து, பிறகு டிரம்பெட்டும் டிராம்போனும் சாக்ஸபோனும் வந்து சேர்ந்து, ஒரு கட்டத்தில் மேடையில் எட்டுப் பேராக இடித்துக்கொண்டு நிற்கும் குழுக்களுக்கு நான் சவுண்ட் பார்க்கிறேன். ஷோ முடிந்து கேபிள் சுற்றும்போது பக்கத்தில் வந்து நிற்பவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். வாசிப்பவர்கள், அவர்களுடைய பெற்றோர், விலகிப் போனவர்கள் என்று எல்லோரும் கேட்டதை அவரவர் கேட்ட மாதிரியே கீழே போட்டு, பதில் எழுதியிருக்கிறேன். மேலிருந்து படியுங்கள். ஒருமுறை சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லவில்லை.

ஸ்கா-பங்க்னா என்னண்ணா? ரெண்டு மியூசிக்கை ஒட்ட வச்சதா?

1950களின் கடைசியில் ஜமைக்காவில் உருவானது ஸ்கா. அந்தத் தீவின் மென்டோ இசை, அமெரிக்க ரிதம் அண்ட் புளூஸ், ஜாஸ் மூன்றும் அதில் கலந்திருக்கின்றன. அதை அடையாளம் காட்டுவது ஒரே விஷயம்தான்: கிட்டாரும் பியானோவும் அடியின் மேல் விழாது, இரண்டு அடிக்கு நடுவில் விழும். 1970களின் கடைசியில் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரத்து இளைஞர்கள் அதை எடுத்துப் பங்க் ராக்கின் கோபத்தோடும் வேகத்தோடும் வாசித்தார்கள். 1979இல் ஜெர்ரி டேமர்ஸ் தொடங்கிய டூ டோன் ரெக்கார்ட்ஸ் அந்த அலையின் மையம். அதற்குப் பிறகு 1980களில் அமெரிக்கக் குழுக்கள் கிட்டார் ஒலியைக் கரகரக்க வைக்கும் டிஸ்டார்ஷனையும் இன்னும் அதிக வேகத்தையும் சேர்த்தபோது கிடைத்ததைத்தான் இப்போது ஸ்கா-பங்க் என்கிறோம்.

ஒரே பாட்டுக்குள் கேட்டால் சட்டென்று பிடிபடும். சரணத்தில் கிட்டார் சுத்தமாக, வெட்டி வெட்டி வரும். பேஸ் ஓடிக்கொண்டே இருக்கும். பல்லவி வந்ததும் கிட்டார்காரர் காலால் பெடலை மிதிப்பார், முழு பேண்டும் கத்தத் தொடங்கும். அந்தத் திருப்பம் சரியாக விழும் குழுவுக்கு மற்ற குறைகளைக் கேட்பவர்கள் மன்னித்துவிடுவார்கள்.

அப்ப ரெகேயும் இதுவும் ஒண்ணுதானே?

ஒரே குடும்பம். ஸ்காதான் மூத்தது. 1966 வாக்கில் வேகம் குறைந்து ராக்ஸ்டெடி ஆனது, 1968 வாக்கில் ரெகே வந்தது. ரெகேயிலிருந்துதான் ஸ்கா வந்தது என்று பலர் தலைகீழாகச் சொல்வார்கள்.

ஏன் எப்பவும் ஸ்கூல் ஃபிரெண்ட்ஸாவே இருக்காங்க? தனித்தனியா ஆளைத் தேடிச் சேக்கக் கூடாதா?

சேர்க்கலாம். ஆனால் இந்த இசைக்கு ஆள் நிறைய வேண்டும். பாடுபவர், கிட்டார், பேஸ், டிரம்ஸ், ஊதுபவர்கள் மூன்று பேர் (அவர்கள் வாத்தியங்களைத்தான் ஹார்ன் என்கிறோம்), சில சமயம் கீபோர்டு. காசு எதிர்பார்க்காத, ஒரே நேரத்தில் ஓய்வாக இருக்கிற எட்டுப் பேர், அதிலும் டிரம்பெட் பிடிக்கத் தெரிந்தவர்களோடு, வேறு எங்கே கிடைப்பார்கள்? வாத்தியக் குழு இருக்கும் பள்ளியில் கிடைப்பார்கள். வாத்தியமே பள்ளியின் அலமாரியில் இருக்கும். ஸ்கா-பங்க் குழுவின் நல்லது கெட்டது எல்லாமே இந்தத் தலைக்கணக்கிலிருந்துதான் வருகிறது என்பது என் கட்சி. கீழே உள்ள பாதிக் கேள்விகளும் அதைச் சுற்றித்தான் வருகின்றன.

வரலாறும் அப்படித்தான். கிங்ஸ்டனில் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஆல்ஃபா பாய்ஸ் ஸ்கூலில் பையன்களுக்கு பேண்டு வாத்தியம் சொல்லிக்கொடுத்தார்கள். 1964இல் உருவான ஸ்கடலைட்ஸ் குழுவின் டாமி மெக்குக், டான் டிரம்மண்ட், ஜானி மூர், லெஸ்டர் ஸ்டெர்லிங் நால்வரும் அந்தப் பள்ளியில் ஊதக் கற்றவர்கள். அதே பள்ளியில் ரிக்கோ ரொட்ரிகஸ் என்ற சின்னப் பையனுக்கு டிராம்போன் சொல்லித்தந்தவர் அவனுடைய சீனியரான டான் டிரம்மண்ட். ரிக்கோ 1961இல் இங்கிலாந்துக்குப் போனார். பல வருடம் கழித்து, ஜெர்ரி டேமர்ஸின் தி ஸ்பெஷல்ஸ் குழுவின் பாட்டுகளில் அவருடைய டிராம்போனே ஒலித்தது. ஒரு பள்ளிக்கூட வராந்தாவிலிருந்து அடுத்த தலைமுறை வரை இந்த இசை நடந்தே போயிருக்கிறது. லண்டனின் பேட் மேனர்ஸ், லாஸ் ஏஞ்சலஸின் ஃபிஷ்போன் ஆகியவையும் பள்ளி நாட்களிலேயே ஆரம்பித்த குழுக்கள்.

ஊதறதுக்கு ஆளே இல்ல. ஆரம்பிக்கலாமா, காத்திருக்கணுமா?

ஆரம்பித்துவிடுங்கள். 1987 முதல் 1989 வரை கலிபோர்னியாவில் இருந்த ஆபரேஷன் ஐவி நாலே பேர்: பாட்டு, கிட்டார், பேஸ், டிரம்ஸ். ஊதுபவர்கள் குழுவில் கிடையாது. ஆனாலும் ஸ்கா-பங்க் பற்றிப் பேசும் எவரும் அவர்களைத் தாண்டிப் போக முடியாது. ஊதுபவர்கள் பிறகு வந்தால், இருக்கிற பாட்டின் மேல் அப்படியே ஏற்றிவைக்காதீர்கள். கிட்டாரும் குரலும் விட்டுக்கொடுத்தால்தான் அவர்களுக்கு இடம் கிடைக்கும்.

எங்க ஃபிரெண்டு ஒருத்தனுக்கு ஒண்ணுமே வாசிக்கத் தெரியாது. ஆனா அவன் இல்லாம பேண்டே இல்ல. என்ன பண்றது?

பாஸ்டனின் தி மைட்டி மைட்டி பாஸ்டோன்ஸ் குழுவில் பென் கார் என்பவர் முழு உறுப்பினராக இருந்தார். மேடையில் அவர் வேலை ஆடுவதாக இருந்தது. ஆகவே முன்னுதாரணம் இருக்கிறது. ஆனால் நடைமுறையில் நான் பார்த்தது, அப்படிப்பட்ட நண்பர்தான் பெரும்பாலும் ஷோ பேசுவார், வண்டி ஏற்பாடு செய்வார், யார் யாரோடு பேசாமல் இருக்கிறார்கள் என்பதையும் அவர்தான் முதலில் கண்டுபிடிப்பார். அவருக்கு டாம்பரினைக் கொடுத்து ஓரத்தில் நிறுத்துவதற்குப் பதில் இந்த வேலைகளை வெளிப்படையாகவே ஒப்படையுங்கள். டாம்பரின், தாளம் நிற்காத கையில், எட்டுப் பேரையும் கவிழ்த்துவிடும்.

கிட்டார் நான்தான். ஆஃப்பீட்லதான் அடிக்கிறேன். ஆனா ஸ்கா மாதிரியே வரல, ஏன்?

ஒலிக்க வைப்பதில் பிழை இருக்காது, நிறுத்துவதில் இருக்கும். "ஒன்-அண்ட்-டூ-அண்ட்" என்று எண்ணினால் ஒவ்வொரு "அண்ட்"டிலும் கார்டு வர வேண்டும், வந்த உடனே செத்தும் போக வேண்டும். அதைச் சாகடிப்பது இடது கை. கார்டைப் பிடித்த விரல்களைக் கம்பியை விட்டு எடுக்காமல் அழுத்தத்தை மட்டும் தளர்த்துங்கள். கம்பி, கிட்டார் கழுத்திலுள்ள ஃப்ரெட் பட்டையை விட்டுக் கொஞ்சம் எழும்பினால் போதும், ஒலி அறுந்துவிடும். விரலை முழுக்கத் தூக்கிவிட்டால் திறந்த கம்பிகள் முனகும். திறந்த கம்பி வரும் கார்டுகளை விட்டுவிட்டு, ஒரே விரலால் எல்லாக் கம்பியையும் அழுத்தும் பார் கார்டு பிடிக்கச் சொல்வதும் இதற்காகத்தான்.

வலது கை மேல்நோக்கி, மேல்ஸ்தாயிக் கம்பிகள் மூன்றை மட்டும் தொட்டுப் போகட்டும். ஆறு கம்பியையும் அடித்தால் பேஸ்காரர் வாசிப்பது காணாமல் போகும். அடியின் மேல் கை சும்மா கீழே இறங்க வேண்டும், ஆனால் இறங்குவது நிற்கக் கூடாது. அந்த வெற்று இறக்கம்தான் உங்கள் மெட்ரோனோம். ஆம்பில் கெயினைக் குறையுங்கள். பல்லவியில் டிஸ்டார்ஷன் வரப் போகிறது என்றால் சரணத்தில் அது துளியும் இருக்கக் கூடாது, இருந்தால் திருப்பம் எடுபடாது.

ரிஹர்சல்ல நல்லா இருக்கு, ஸ்டேஜ்ல வேகம் ஓடிடுது. டிரம்மரை என்ன பண்ணலாம்?

பதற்றத்தில் எல்லோருக்குமே ஓடும், பழி டிரம்மர் தலையில் விழுகிறது. நிமிடத்துக்கு 170 அடியில் பழகிய பாட்டு 190க்குப் போனால் பங்க் பகுதி தப்பித்துவிடும், ஸ்கா பகுதி மாட்டிக்கொள்ளும். மேலே சொன்ன இடது கைத் தளர்வுக்கு நேரம் கிடைக்காமல் கிட்டார் வெறும் சலசலப்பாகிவிடும். பாட்டை எண்ணித் தொடங்குவதற்கு முன் டிரம்மர் சரணத்தின் முதல் வரியை மனதுக்குள் பாடிப் பார்க்கட்டும். வார்த்தை வாயில் அடங்காத வேகம் தப்பான வேகம். மெட்ரோனோமின் விளக்கை மட்டும் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வைத்துக்கொள்வதும் உதவும்.

நான் டிரம்பெட். இவங்க எல்லாப் பாட்டையும் ஈ ஸ்கேல்ல போட்டு வச்சிருக்காங்க, எனக்கு நாக்குத் தள்ளுது. நான்தான் சரியா பழகலையா?

இல்லை தம்பி. கிட்டார்காரருக்கு ஈயும் ஏயும் வீட்டு முற்றம், உங்களுக்கு அவை மலை. டிரம்பெட்டும் டெனர் சாக்ஸபோனும் பி ஃபிளாட் வாத்தியங்கள், அதாவது தாளில் சி என்று எழுதியதை ஊதினால் பி ஃபிளாட்தான் ஒலிக்கும். கிட்டார் ஈ மேஜரில் வாசித்தால் நீங்கள் எஃப் ஷார்ப் மேஜரில் வாசிக்க வேண்டும், ஆறு ஷார்ப். ஆல்ட்டோ சாக்ஸபோன் ஈ ஃபிளாட் வாத்தியம், அவருக்கு சி ஷார்ப் மேஜர், ஏழு ஷார்ப். பாவம். டிராம்போன்காரர் மட்டும் ஒலிக்கிற சுரத்தையே எழுதி வாசிப்பார். ஆனால் அவரும் பள்ளியில் பழகியதெல்லாம் ஃபிளாட் ஸ்கேல்களில்தான் இருக்கும்.

சுலபமான வழி ஒன்று உண்டு. கிட்டாரையும் பேஸையும் அரை ஸ்வரம் கீழே இறக்கி ட்யூன் செய்யச் சொல்லுங்கள். அவர்கள் விரல் பழைய ஈ கார்டையே பிடிக்கும், ஒலிப்பது ஈ ஃபிளாட். உங்களுக்கு அது எஃப் மேஜர், ஒரே ஃபிளாட். ஆல்ட்டோவுக்கு சி மேஜர், ஒன்றுமே இல்லை. ஏ கார்டில் இருக்கும் பாட்டு ஏ ஃபிளாட் ஆகிவிடும்: உங்களுக்கு இரண்டு ஃபிளாட், ஆல்ட்டோவுக்கு ஒன்று. ஜி, சி கார்டு பாட்டுகள் உங்களுக்கு இதனால் இன்னும் கஷ்டமாகும், அவற்றுக்கு வேறு வழிதான் பார்க்க வேண்டும். புதிதாகப் பாட்டு போடும்போது எஃப், பி ஃபிளாட், ஈ ஃபிளாட் மூன்றில் ஒன்றை எடுத்தால் சண்டையே வராது.

நான் பாடறேன். பசங்க போட்ட ஸ்கேல் எனக்கு ரொம்பக் கீழே இருக்கு. "பொண்ணு குரல் இதுக்கு எடுபடாது"ன்னு ஒருத்தன் சொல்றான். நிஜமா?

1964இல் ஸ்காவை உலகமே கேட்க வைத்த குரல் மில்லி ஸ்மால் என்ற ஜமைக்கப் பெண்ணுடையது. அவர் பாடிய "மை பாய் லாலிபாப்" பிரிட்டனில் இரண்டாம் இடம் வரை ஏறியது. டூ டோன் காலத்தில் தி செலெக்டர் குழுவின் முன்னால் நின்றவர் பாலின் பிளாக். அமெரிக்காவின் நோ டவுட் குழுவுக்கு குவென் ஸ்டெஃபானி. அந்தப் பையனுக்கு இது போதும். ஸ்கேலை உங்கள் குரலுக்கு மாற்றுங்கள். மாற்றும்போது முந்தைய பதிலைப் பார்த்து, ஊதுபவர்களுக்கும் ஒத்துவரும் இடத்தில் நிறுத்துங்கள். குரலுக்கு அரை ஸ்வரம் மேலே கீழே பெரிதாகத் தெரியாது, விரலுக்குத் தெரியும்.

ஹார்ன் பார்ட் எப்படி எழுதறது? மூணு பேரும் பாட்டு முழுக்க ஊதிட்டே இருக்காங்க.

முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். முன்னிசையில் ஒரு வரி, பல்லவி முடிந்ததும் அதே வரி, சரணத்தில் பாடகர் மூச்சு விடும் இடத்தில் இரண்டு குத்து. இவ்வளவு போதும் ஒரு பாட்டுக்கு. கேட்பவர் வீட்டுக்குப் போகும்போது முணுமுணுப்பது பெரும்பாலும் அந்த முன்னிசை வரியைத்தான், ஆகவே வாயால் பாட முடியாத வரியை எழுதாதீர்கள்.

வேகமான பாட்டில் மூவரும் ஒரே சுரத்தை, அல்லது ஒரே சுரத்தை வெவ்வேறு ஸ்தாயியில் ஊதினால் கனமாக விழும். மூன்று குரலாகப் பிரிப்பதை நீண்ட சுரங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டே பேர் என்றால் கார்டின் ஐந்தாவது சுரத்தை விட்டுவிடலாம், கிட்டாரே அதைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. எல்லாவற்றையும் தாளில் எழுதி வையுங்கள். ஏன் என்பது ஆள் விலகும் கேள்வியில் புரியும்.

முதல் ஷோ எப்ப பண்ணலாம்? எத்தனை பாட்டு இருக்கணும்?

நின்று போகாமல் ஆறு பாட்டு வாசிக்க வந்ததும். வேகத்தைப் பார்த்தால் ஆறு பாட்டு இருபது நிமிடத்துக்குள் முடியும், முதல் மேடைக்கு அது தாராளம். நீட்டிப் பிரயோஜனம் இல்லை, ஏனென்றால் டிரம்பெட்காரரின் உதடு ஒரு தசை. பழகாதவருக்கு அரை மணியில் தளர ஆரம்பிக்கும். நாலாவது பாட்டு முடிந்ததும் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, மவுத்பீஸை வைத்து வைத்து எடுத்துப் பார்ப்பார். அடுத்த பாட்டில் மேல்ஸ்தாயிச் சுரம் வராது என்பதற்கு அதுதான் அறிகுறி. உயரமாக ஊத வேண்டிய பாட்டுகளை முன்னால் வையுங்கள். நடுவில் ஹார்ன் இல்லாத பாட்டு ஒன்று இருக்கட்டும்.

இன்னொன்று: குளிர்ந்த டிரம்பெட்டின் சுருதி இறங்கியிருக்கும், ஊதி சூடானதும் ஏறும். மேடைக்குப் பின்னால் பத்து நிமிடம் ஊதிய பிறகே ட்யூனரைப் பாருங்கள்.

ஸ்டேஜ்ல ஹார்ன் கேக்கவே இல்லன்னு எல்லாரும் சொல்றாங்க. நாங்க சத்தமாதானே ஊதறோம்?

இது என் துறை, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். சின்ன ஹாலில் டிரம்ஸுக்கு மைக்கே தேவையில்லை. அதோடு போட்டி போட்டு கிட்டார் ஆம்ப் ஏறும், அது முழங்கால் உயரத்தில் உட்கார்ந்து கூட்டத்தின் காதைத் துளைக்கும், வாசிப்பவருக்கு மட்டும் கேட்காது. ஆம்பை ஒரு நாற்காலி மேல் வைத்து அவர் காதைப் பார்த்துச் சாய்த்துவிட்டால், தானே சத்தத்தைக் குறைத்துவிடுவார். கெஞ்சிக் குறைக்கச் சொன்னதைவிட இது எனக்கு நன்றாகப் பலித்திருக்கிறது.

ஊதுபவர்கள் வாத்தியத்தின் வாயைத் தரைக்குக் காட்டிக்கொண்டு ஊதினால் மைக்கில் ஒன்றும் விழாது. மைக்கை நேராகப் பார்த்து, ஒரு சாண் தள்ளி நில்லுங்கள். மானிட்டரில், அதாவது வாசிப்பவர்களைப் பார்த்து வைத்திருக்கும் ஸ்பீக்கரில், குரலும் ஹார்னும் மட்டும் போதும். சவுண்ட் செக்கில் ஒவ்வொருவராக ஊதிக்காட்டுவதோடு விடாமல், மூவரும் சேர்ந்து ஊதும் மிகச் சத்தமான இடத்தை பேண்டோடு ஒருமுறை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். தனியாக ஊதும்போது எல்லோரும் அடக்கமாகத்தான் ஊதுவார்கள்.

டிராம்போன்காரரை ஓரத்தில் நிறுத்துங்கள், ஸ்லைடு இரண்டு அடி வரை முன்னால் வரும். வாத்தியத்தில் சேரும் தண்ணீரைத் தரையில் விடும்போது கிட்டார் பெடலைப் பார்த்து விடச் சொல்லுங்கள். ஒரு பேண்டில் கிட்டார்காரரும் டிரம்பெட்காரரும் பேச்சு நிறுத்தியது இந்த விஷயத்துக்காகத்தான்.

எம்பொண்ணு டிரம்பெட் ஊதறா சார். பல்லுக்கு, தொண்டைக்கு ஏதாவது ஆகுமா?

ஊதுவதால் பெரிதாக ஒன்றும் வராது. பல்லுக்குக் கிளிப் போட்டிருந்தால் உதடு உரசும், பழையபடி வாசிக்கக் கொஞ்ச நாள் எடுக்கும், பல் மருத்துவரிடம் ஊதுகிறாள் என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் கவலைப்பட வேண்டியது காதைப் பற்றி. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்றால், மூன்று டெசிபல் ஏற ஏற அந்த நேரம் பாதியாகக் குறையும் என்பது அமெரிக்கத் தொழிற்சுகாதார நிறுவனமான நியோஷின் பரிந்துரை. அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்குப் பதினைந்து நிமிடம்தான். மூடிய சின்ன அறையில் டிரம்ஸும் ஆம்பும் சேர்ந்தால் அந்த அளவைச் சாதாரணமாகத் தொட்டுவிடும். இசைக்கலைஞர்களுக்கென்று வரும் காதடைப்பான் வாங்கிக் கொடுங்கள். காதை அடைத்தால் ஊதுபவருக்குத் தன் வாத்தியம் தாடை எலும்பு வழியாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கும்.

தொண்டை பற்றிய கவலை பாடுபவருக்கு. கத்திப் பாடி குரல் கம்மி, இரண்டு மூன்று வாரம் ஆகியும் தெளியவில்லை என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட டிரெஸ் கட்டாயமா?

இல்லை. ஆனால் போட்டால் அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்து போடுங்கள். டூ டோன் குழுக்களில் கறுப்பர்களும் வெள்ளையர்களும் ஒரே மேடையில் நின்றார்கள். இனவெறி அமைப்புகள் தெருவில் இறங்கியிருந்த காலத்து இங்கிலாந்து அது. கட்டம் அந்தச் சேர்க்கையின் அடையாளம் ஆனது.

காசு வந்தா எப்படிப் பிரிக்கறது? பாட்டு எழுதறவனுக்கு அதிகம் வேணுமாம்.

ஷோவுக்கு வரும் காசும் பாட்டுக்கு வரும் காசும் வேறு வேறு, இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள். ஷோ காசில் முதலில் வண்டிச் செலவு, ரிஹர்சல் அறை, உடைந்த கம்பி, சாக்ஸபோன் ரீடு. மீதி பொது நிதிக்கு. எட்டால் வகுத்துக் கையில் கொடுத்தால் யாருக்கும் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு மேல் தேறாது, ஆனால் அதே தொகை சேர்ந்தால் ரெக்கார்டிங் நடக்கும். நாலு பேர் குழுவுக்கும் எட்டுப் பேர் குழுவுக்கும் மேடைக்காரர் கொடுப்பது ஒரே தொகைதான் என்பதை மறந்துவிட்டுச் சண்டை போடுபவர்கள் நிறைய. மேடையில் நிற்கும் அனைவருக்கும் சமம் என்று வைப்பதே இந்த அளவில் நடக்கக்கூடிய ஏற்பாடு. சவுண்ட் பார்த்தவரையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டின் காசு அடுத்த கேள்விக்குப் போகட்டும்.

பாட்டு யாருது? மெட்டு அவன் போட்டான், ஹார்ன் லைன் நான் போட்டேன், பேரு அவனுக்கு மட்டும்.

இரண்டு உரிமைகள் இருக்கின்றன. மெட்டும் வரியும் சேர்ந்த பாட்டின் மேல் ஒன்று, அதைப் பதிவு செய்த ஒலியின் மேல் இன்னொன்று. பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் இருக்கும் நாடுகளில் பாட்டை எழுதியவருக்கு உரிமை தானாகவே வந்துவிடும், பதிவு செய்ய வேண்டியதில்லை. யார் எழுதினார் என்று நிரூபிப்பதுதான் பிற்பாடு கஷ்டம். ஹார்ன் வரி வெறும் மெருகா, பாட்டின் பகுதியா என்பதற்கு எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. ஆனால் ஸ்கா-பங்க்கில் பாட்டை அடையாளம் காட்டுவது பல சமயம் அந்த வரிதான், பங்கு கேட்பதில் நியாயம் இருக்கிறது. பாட்டு முடிந்த அன்றே ஒரு தாளில் யாருக்கு எத்தனை சதவீதம் என்று எழுதித் தேதி போட்டு அனைவரும் கையெழுத்திடுங்கள். பாட்டுக்கு மதிப்பே இல்லாத நேரத்தில் இது ஐந்து நிமிட வேலை.

நியூ ஜெர்சியின் கேட்ச் 22 குழு 1998இல் ஓர் ஆல்பம் வெளியிட்டது. பாட்டுகளை எழுதிய டோமாஸ் கால்னோகி அதே வருடம் விலகிப்போய், பிறகு ஸ்ட்ரீட்லைட் மேனிஃபெஸ்டோ என்ற குழுவை ஆரம்பித்தார். 2006இல் அந்தப் புதிய குழு பழைய ஆல்பத்தை முழுக்க மறுபடி பதிவு செய்து வெளியிட்டது. மேலே சொன்ன இரண்டு உரிமைகளும் வேறு வேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ரெண்டு பேர் மேல்படிப்புக்கு வெளியூர் போறாங்க. பேண்டு முடிஞ்சுதா?

பள்ளிக் குழுவின் முதல் சுவர் இதுதான். ஒரே மணியடித்தால் எட்டுப் பேரும் வெளியே வந்த காலம் முடிந்தது. இனி எட்டு நாட்காட்டிகளைப் பொருத்த வேண்டும். வாரம் மூன்று ரிஹர்சல் என்பதை விட்டுவிட்டு மாதம் ஒரு நீண்ட நாள் என்று மாற்றிக்கொண்டு, தனித்தனியாகப் பழகிவிட்டு வந்த குழுக்கள் தாக்குப்பிடித்ததைப் பார்த்திருக்கிறேன். ஹார்ன் பார்ட் தாளில் இருந்தால் மாற்று ஆள் இரண்டு ரிஹர்சலில் தயாராகிவிடுவார். தலையில் மட்டும் இருந்தால் ஆளோடு பாட்டும் போய்விடும். போகிறவர் ஊருக்குத் திரும்பும்போது மேடையில் அவருக்கு இடம் உண்டா, இல்லையா என்பதை அவர் போவதற்கு முன்பே பேசிவிடுங்கள்.

நோ டவுட் 1986இல் ஆரம்பித்தது. அடுத்த வருடக் கடைசியில் அவர்களுடைய பாடகர் ஜான் ஸ்பென்ஸ் இறந்துபோனார். முக்கியமாகப் பாட்டு எழுதிவந்த எரிக் ஸ்டெஃபானி, பெரிய வெற்றி தந்த 1995 ஆல்பம் வெளிவருவதற்கு முன்பே விலகிவிட்டார். குழு தாக்குப்பிடித்தது. மறுபக்கம், தி ஸ்பெஷல்ஸ் 1981இல் பிரிட்டனில் முதலிடத்தில் இருந்த அதே காலத்தில்தான் மூன்று பேர் வெளியேறினார்கள். ஆள் போவதால் மட்டும் பேண்டு முடிவதில்லை, வெற்றி வந்தால் மட்டும் நிலைப்பதும் இல்லை.

எப்ப ரெக்கார்ட் பண்ணலாம்? ஒவ்வொருத்தரா தனியா வாசிச்சா போதுமா?

பத்து மேடை பார்த்த பாட்டுகளை மட்டும் பதிவு செய்யுங்கள். டிரம்ஸ், பேஸ், கிட்டார் மூன்றும் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வாசிக்கட்டும், ஸ்கா பகுதியின் அசைவு அப்படித்தான் கிடைக்கும். பிறகு மூன்று ஹார்னும் சேர்ந்து, கடைசியில் குரல். ஹார்னை இரண்டு முறை வாசித்து அடுக்கினால் பிரமாதமாக இருக்கும், பிறகு நேரில் கேட்க வருபவருக்கு ஏமாற்றமாக இருக்கும். நான் வேண்டாம் என்பேன். உதடு விஷயம் மேலே சொன்னதுதான்: ஹார்ன் பதிவை ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள்.

ஸ்கா 90கள்லயே செத்துப்போச்சுன்னு சொல்றாங்களே. இப்ப போய் ஆரம்பிக்கறது வேஸ்ட் இல்லயா?

1990களின் நடுவில் அமெரிக்க ரேடியோ இதைத் தூக்கிவைத்தது, பத்தாண்டு முடிவதற்குள் கீழே போட்டது. செத்தது அந்த மோகம். மாட்ரிட்டின் ஸ்கா-பி, மெக்சிகோ சிட்டியின் பாந்தியோன் ரொகோகோ, ஜப்பானின் டோக்கியோ ஸ்கா பாரடைஸ் ஆர்க்கெஸ்ட்ரா எல்லாம் ஆங்கில ரேடியோவைக் கேட்டுக்கொண்டு வாசித்தவர்கள் இல்லை. பாஸ்டோன்ஸ் 1983இல் ஆரம்பித்து பெரிய ஹிட் கொடுத்தது 1997இல். மோகத்தைப் பார்த்து ஆரம்பிப்பவர்கள் எப்படியும் தாமதமாகத்தான் வந்து சேர்வார்கள்.

அப்ப பேண்டு வளந்துருக்குன்னு எதை வச்சு சொல்றது? ஃபாலோயர்ஸ் கூடிட்டுதான் இருக்கு.

நான் பார்ப்பது மூன்று. கூட்டத்தில் உங்கள் வகுப்புத் தோழர்கள் அல்லாதவர்கள் எத்தனை பேர். அழைத்த இடமே மறுபடி அழைக்கிறதா. முன்பு எல்லோரும் வாசித்துக்கொண்டே இருந்த இடத்தில் இப்போது யாராவது வாசிக்காமல் நிற்கிறார்களா. மூன்றாவதுதான் மிக மெதுவாக வரும்.

எங்க டிராம்போன் பையன் பழகவே மாட்டேங்கறான். ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து ஃபிரெண்டு. எப்படிண்ணா வெளிய போகச் சொல்றது?

முதலில் அவனுக்கு வாசிக்க வரவில்லையா, வாசிக்க மனம் இல்லையா என்று பாருங்கள். வரவில்லை என்றால் பார்ட்டைச் சுலபமாக்கலாம். டிராம்போனுக்கு நீண்ட சுரங்களைக் கொடுத்து, ஓடும் வரியை டிரம்பெட்டுக்கு மாற்றினால் கேட்பவருக்குக் குறையே தெரியாது. மனம் இல்லை என்றால் பெரும்பாலும் அவனே விலக வழி தேடிக்கொண்டிருப்பான், நட்புக்காகச் சொல்லாமல் இருப்பான்.

எட்டுப் பேரும் உட்கார்ந்து அவனைச் சுற்றிவளைக்காதீர்கள். அவனோடு மிக நெருக்கமான ஒருவர் மட்டும், ரிஹர்சல் இல்லாத நாளில், நேரில் போய்ப் பேசட்டும். குழுவின் வாட்ஸ்அப்பில் எழுதவே கூடாது. ஒத்துக்கொண்ட ஷோக்கள் முடியும் வரை அவன் வாசிக்கட்டும், பொது நிதியில் அவன் போட்ட காசு இருந்தால் அன்றைக்கே கணக்குப் பார்த்துக் கொடுத்துவிடுங்கள். அவன் எழுதிய வரி ஏதாவது பாட்டில் இருந்தால் அந்தத் தாளில் அவன் பெயரை அடிக்காதீர்கள். டிராம்போன் பள்ளியுடையது என்றால் அதை யார் திருப்பிக் கொடுக்கப் போகிறார்கள் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். அதில்தான் பாதிப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள்.